கடல் கடக்கும் வாத்தியார்

பேரா மாநிலத்துத் தமிழர்களுக்கு, உத்தியோகத்தின் பொருட்டு ஆசிரியர் ஒருவர் கடல் கடப்பது நூதனமான செய்தியன்று. ஈயச் சுரங்கங்களின் செல்வத்தால் ஈப்போ நகரம் எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், மெதடிஸ்ட் பாதிரியார் ஹார்லி 1895-இல் தொடங்கிய ஆங்கிலோ-சீனப் பள்ளி, 1909-இல் தோன்றிய ஆண்டர்சன் பள்ளி, 1912-இல் லாசால் சகோதரர்கள் நிறுவிய செயின்ட் மைக்கேல் கல்விக்கூடம், இவற்றுக்கெல்லாம் முன்பே 1883-இல் தைப்பிங்கில் உருவாகிப் பின்னர் ஏழாம் எட்வர்ட் மன்னரின் பெயரைப் பெற்ற பள்ளி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தபோது, இத்தகைய ஆங்கிலப் பள்ளிகளில் பாடம் சொல்ல யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் இளைஞர்கள் கப்பலேறி வந்தார்கள். அமெரிக்க மிஷனரிமார் 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியும், அதன் வழியில் வந்த யாழ்ப்பாணக் கல்லூரியும், குடாநாட்டில் இருந்த உத்தியோகங்களுக்கு மிஞ்சிய தொகையில் ஆங்கிலம் கற்ற வாலிபர்களை உருவாக்கிவிட்டிருந்தன. அவர்களுக்கு மலாயாவின் ரயில்வே இலாகாவும் தபால் இலாகாவும் பள்ளிக்கூடங்களும் இடம் கொடுத்தன. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்கு இங்குள்ள சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகளைத் தயார் செய்த அந்த ஆசிரியர்கள், இக்காலத்துச் சொல்லில் சொல்வதானால், வெளிநாட்டுப் பணியில் அமர்ந்த ஆசிரியர்களே.

நகரத்திலிருந்து சில மைல் தள்ளி, பால்மரக் காட்டுக்குள் வேறொரு வாத்தியார் இருந்தார். ஏழு வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் ஒரு தோட்டத்தில் இருந்தால் அவர்களுக்கு நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்தவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது. ஆனால், அங்கே கற்பிக்க வேண்டியவருக்கு என்ன யோக்கியதை இருக்கவேண்டும், அவருக்கு என்ன சம்பளம் தரவேண்டும் என்பவை பெரும்பாலும் நிர்வாகத்தின் விருப்பத்திற்கே விடப்பட்டன. ஆகையால் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, ஆபீஸ் கிராணியோ, சில சமயங்களில் விடியற்காலையில் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நின்று பால்வெட்டப் போய்த் திரும்பிய தொழிலாளியோ வாத்தியார் ஆனார். தகரக் கூரை போட்ட ஒரே கொட்டகை. அதில் எல்லா வகுப்புகளும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒரு வரிசை வாய்ப்பாடு சொல்லும்போது அடுத்த வரிசை மணலில் அரிச்சுவடி எழுதிக்கொண்டிருக்கும். அவருக்கு லயத்தில் ஓர் அறை கிடைப்பதும், சம்பளம் ஒழுங்காக வருவதும், அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம் நடப்பதும் நடக்காமல் போவதும் துரையின் மனப்போக்கைப் பொறுத்திருந்தன. தம் கையில் வைத்துக் காட்டுவதற்கு எழுத்தில் ஒரு நிபந்தனையும் இல்லாமல் ஆயுள் முழுவதையும் கற்பித்துக் கழித்தவர்கள் அவர்களில் பலர்.

இந்த இருவகை ஆசிரியர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று பட்டதாரிகளாக இருக்கிறார்கள். சுதந்திரத்திற்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளியின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முயன்றார். அம்முயற்சி காப்பாற்றியது போக மீதி இடங்களில் ரப்பர் மறைந்து செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின, குடும்பங்கள் புந்தோங்குக்கும் செம்மோருக்கும் குனோங் ராப்பாட்டுக்கும் குடிபெயர்ந்தன. அக்குடும்பங்களின் பிள்ளைகள், 1922-இல் தஞ்சோங் மாலிமில் மலாய் ஆசிரியர்களுக்கென்று பிறந்து இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் சுல்தான் இட்ரிஸ் கல்விக்கூடத்திலும், உலு கிந்தாவிலுள்ள ஆசிரியர் கல்விக் கழகத்திலும் பயின்று ஆசிரியர்களானார்கள். அவர்களில் கணிசமானோர் இப்பொழுது துபாயிலும் டோஹாவிலும் ஹோ சி மின் நகரிலும் பாங்காக்கிலும் உள்ள அனைத்துலகப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறார்கள். தோட்டத்து வாத்தியாருக்குக் கிடைக்காத ஒன்று, அதாவது தம் உழைப்பின் நிபந்தனைகளை எழுத்தில் படித்து, கேட்டு, வேண்டுமானால் மறுத்து, அதன்பின் கையெழுத்திடும் அதிகாரம், இவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை இவர்கள் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும் என்னும் விருப்பத்தோடுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அனைத்துலகப் பள்ளி என்பது யாது? அது நிற்கும் நாட்டின் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றாமல், எந்த நாட்டுக்கு மாறிச் சென்றாலும் தொடரக்கூடிய ஒரு பாடத்திட்டத்தைக் கற்பிக்கும் பள்ளி என்று சுருக்கமாகச் சொல்லலாம். சர்வதேச சங்கத்தின் அலுவலர்களும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனத்தின் அலுவலர்களும் ஜெனீவாவில் குடியேறியபோது, அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1924-இல் ஒரு பள்ளி தோன்றியது. அதே ஆண்டு ஜப்பானின் யோக்கஹாமாவிலும் ஒன்று தோன்றியது. தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலைமீது அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகளுக்காக 1901-இல் தொடங்கிய பள்ளி, பிற்காலத்தில் கொடைக்கானல் அனைத்துலகப் பள்ளியாகி, 1968-இல் ஜெனீவாவில் உருவான ஐ.பி. என்னும் பாடத்திட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்றுக்கொண்டது.

நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் ரப்பரிலிருந்தே பிறந்தது. தோட்டத் துரைமார்களின் சங்கம், தம் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பிப் பிரிந்திருக்க மனமில்லாமல், 1955-இல் பினாங்கு மலையின்மீது, கிராக் ஹோட்டல் என்ற பழைய விடுதிக் கட்டடத்தில், அப்லண்ட்ஸ் என்னும் உண்டு உறைவிடப் பள்ளியை ஏற்படுத்தியது. குளிர்ந்த மலைக் காற்றில், சிறு சிறு வகுப்புகளாக, பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் துரையின் பிள்ளை கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தத் துரையின் தோட்டத்தில் பால்வெட்டியவரின் பிள்ளை தகரக் கொட்டகையில் பல வகுப்புக்கு ஒரே ஆசிரியரிடம் கற்றுக்கொண்டிருந்தது. அப்லண்ட்ஸ் இன்று மலையிலிருந்து இறங்கி வந்து பல நாட்டுப் பிள்ளைகள் பயிலும் அனைத்துலகப் பள்ளியாக நடைபெறுகிறது. அக்கொட்டகையில் கற்றவரின் பேத்தி இத்தகைய பள்ளியில் ஆசிரியையாக நுழைவதற்கு இன்று சட்டத்தின் தடை ஏதுமில்லை என்பதை எண்ணும்போது, இந்த வேலையைத் தேடுவதைப் பணத்தாசை என்று மட்டும் கருதுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

இவ்வகைப் பள்ளிகளின் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும். கேம்பிரிட்ஜ், எடெக்செல் முதலிய தேர்வு வாரியங்களின் ஐ.ஜி.சி.எஸ்.இ.யும் ஏ-லெவலும் கொண்ட பிரிட்டிஷ் முறை ஒன்று. அமெரிக்க முறை ஒன்று. 150-க்கு மேற்பட்ட நாடுகளில் நடைபெறும் ஐ.பி. ஒன்று. பிரிட்டிஷ் முறை நம்மவர்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் பாட்டனார்கள் எழுதிய சீனியர் கேம்பிரிட்ஜை நடத்திய அதே கேம்பிரிட்ஜின் வழிவந்த பரீட்சைதான் அது. மலேசியாவிலும் இப்பள்ளிகள் பெருகியமைக்கு ஒரு காரணம் உண்டு. உள்நாட்டு மாணவர்கள் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சேரக்கூடாது என்று முன்பு இருந்த வரம்பை அரசாங்கம் 2012-இல் நீக்கியது; அதன்பிறகு வெளிநாட்டவர் பிள்ளைகளுக்கென்று இருந்த பள்ளிகள் மலேசியப் பெற்றோர் பலரும் நாடும் பள்ளிகளாயின. ஈப்போவிலேயே டென்பி, ஃபேர்வியூ முதலியவை இருக்கின்றன. வெளிநாட்டுக்குப் போக விரும்பும் ஆசிரியர், முதலில் இங்குள்ள ஒரு பள்ளியில் இரண்டு ஆண்டு பணியாற்றி அந்தப் பாடத்திட்டத்தைக் கையில் பிடித்துக்கொள்வது நல்ல வழி என்பது என் அபிப்பிராயம். சம்பளம் அவர் எதிர்பார்க்கும் அளவு இராது, ஆயினும் வெளிநாட்டுப் பள்ளியின் முதல் கேள்விக்கு அவரிடம் விடை இருக்கும்.

அந்த முதல் கேள்வி, எந்தப் பாடத்திட்டத்தை எத்தனை ஆண்டு கற்பித்தீர்கள் என்பது. ஒரு பட்டம், ஆசிரியப் பயிற்சிச் சான்று, பயிற்சிக்குப் பின் குறைந்தது இரண்டு ஆண்டு அனுபவம் ஆகிய மூன்றையும் நல்ல பள்ளிகள் பொதுவாக எதிர்பார்க்கின்றன. கல்வியியல் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களுக்கு முதல் இரண்டும் ஒன்றாகவே கிடைத்துவிடுகின்றன. பொறியியலோ கணக்கியலோ படித்துவிட்டு டியூஷன் வகுப்பு நடத்திவந்தவர்கள்தான் பயிற்சிச் சான்றுக்கு வழி தேடவேண்டும். அவர்கள் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் தூரக்கல்வியாக நடத்தும் பி.ஜி.சி.இ. அனைத்துலகப் படிப்பில் சேரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது ஒரு கல்வித் தகுதியே அன்றி, இங்கிலாந்தில் ஆசிரியராகப் பணிபுரியும் உரிமையான கியூ.டி.எஸ்.ஸை அது தருவதில்லை. அவ்வுரிமையையும் வெளிநாட்டிலிருந்தே பெறுவதற்கு ஐ.கியூ.டி.எஸ். என்னும் வேறொரு பயிற்சியை இங்கிலாந்து அரசாங்கம் 2022-இல் தொடங்கியிருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறியாமல் பெருந்தொகை கட்டிச் சேர்ந்துவிட்டு, விண்ணப்பம் போடும் நாளில்தான் அதை அறிந்து மனம் நொந்தவர்கள் உண்டு.

நம் ஆசிரியர்கள் தம்மிடம் இருப்பதையே விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாளைய வருத்தம். கலந்துகொண்ட கருத்தரங்குகளையும், வகித்த செயற்குழுப் பதவிகளையும், பெற்ற பாராட்டுப் பத்திரங்களையும் பக்கம் பக்கமாக அடுக்கிவிட்டு, வகுப்பறையில் செய்ததை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படவேண்டும் என்ற கொள்கை மலேசியாவில் 2003 முதல் சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் அப்பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தியவர்களுக்கு, ஆங்கிலம் வீட்டுமொழியல்லாத பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விஞ்ஞானம் புரியவைத்த அனுபவம் இருக்கிறது. அனைத்துலகப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கும் கொரியப் பிள்ளைக்கும் அரபுப் பிள்ளைக்கும் தேவைப்படுவது அந்த வித்தைதான். அதேபோல் அறிவியல் விழாவுக்கு ஐந்தாம் ஆண்டு மாணவர்களைத் தயார்ப்படுத்தியது, சாரணர் இயக்கம் நடத்தியது, பூப்பந்துக் குழுவைச் சனிக்கிழமைதோறும் பயிற்றுவித்தது ஆகியவற்றை நம்மவர்கள் புறப்பாடக் கடமை என்று எண்ணி ஒதுக்கிவிடுகிறார்கள். பள்ளி முடிந்தபின் நடத்தும் நடவடிக்கைகளை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கேட்கும் பள்ளிகளுக்கு அவை விலைமதிப்புள்ள தகுதிகள்.

வேலைகள் எங்கே அறிவிக்கப்படுகின்றன? டெஸ், ஷ்ரோல், சர்ச் அசோசியேட்ஸ், 1955 முதல் இயங்கிவரும் ஐ.எஸ்.எஸ். முதலிய ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் வழியாகவும், பள்ளிகளின் சொந்த அறிவிப்புப் பக்கங்கள் வழியாகவும் அவை வெளிவருகின்றன. பெரும்பாலான அனைத்துலகப் பள்ளிகளில் கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்கும்; அதற்குரிய ஆள்சேர்ப்போ முந்தைய ஆண்டின் அக்டோபர், நவம்பரிலேயே தொடங்கி, ஜனவரி, பிப்ரவரியில் உச்சத்தை அடைந்துவிடும். ஜூனில் விழித்துக்கொண்டு தேடுபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் யாரோ திடீரென்று விட்டுப்போன இடம். யார் விட்டுப்போனார், ஏன் போனார் என்று அவர் விசாரித்தே ஆகவேண்டும்.

கணிதம், இயற்பியல், வேதியியல், கணினியியல் ஆகியவற்றுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ஆங்கில ஆசிரியர் வேலைக்குத்தான் நம்மவர்கள் ஒரு கசப்பான சுவரைச் சந்திக்கிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதும் பள்ளிகள் இருக்கின்றன. சீனா போன்ற சில நாடுகளில் ஆங்கில ஆசிரியரின் வேலை அனுமதியே அவர் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்துத் தீர்மானமாகிறது. ஈப்போவில் பிறந்து, ஆறு வயது முதல் ஆங்கிலம் பேசி, ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்ற ஒரு பெண், பெயரையும் கடவுச்சீட்டையும் காரணமாக வைத்து ஒதுக்கப்படுவது அநியாயம். அதை அநியாயம் என்றே சொல்லவேண்டும். நம் பிள்ளைகள் அதைத் தம் குறைபாடு என்று எண்ணித் தலைகுனிய வேண்டியதில்லை. அத்தகைய அறிவிப்பைக் கடந்து சென்று, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பிரிவுக்கோ தொடக்கநிலை வகுப்பாசிரியர் பணிக்கோ விண்ணப்பிப்பது நடைமுறைக்கு உகந்தது. இதே பாகுபாட்டின் இன்னொரு முகம், ஒரே பள்ளியில் ஒரே பாடத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவருக்கு ஒரு சம்பளமும் உள்ளூரில் அமர்த்தப்பட்டவருக்கு வேறொரு சம்பளமும் தருவது. மலேசியாவில் அதை அனுபவித்தவர், வேற்று நாட்டுக்குச் செல்லும்போது தாம் எந்த வரிசையில் வைக்கப்படுகிறார் என்பதைச் சம்பளத் தொகையைக் கேட்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

நேர்காணல் இப்பொழுது பெரும்பாலும் காணொளி வழியாகவே நடைபெறுகிறது. துபாய்க்கும் நமக்கும் நான்கு மணி நேர வித்தியாசம். அங்கே பள்ளி முடிந்தபின் அழைத்தால் இங்கே இரவு எட்டு மணியாகியிருக்கும், வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்து வீட்டில் யாருக்கோ பிறந்தநாள் நடக்கும். நிசப்தமான ஓர் அறையையும் தடைப்படாத இணையத்தையும் ஏற்பாடு செய்துகொள்வது விண்ணப்பம் எழுதுவதைப் போன்ற வேலைதான். கேட்கப்படும் கேள்விகளின் போக்கும் நமக்குப் பழக்கமற்றது. உங்கள் பலம் என்ன என்று கேட்டு முடித்துவிடமாட்டார்கள். ஒரே வகுப்பில் மிக வேகமாகக் கற்கும் பிள்ளையும் பின்தங்கிய பிள்ளையும் இருந்த ஒரு பாடவேளையைச் சொல்லுங்கள், அன்று நீங்கள் செய்தது என்ன, அது பலித்தது என்று எப்படி அறிந்தீர்கள் என்று துருவிக் கேட்பார்கள். தோட்டத்து ஓராசிரியர் பள்ளியில் ஒரு வரிசைக்கு வாய்ப்பாடும் மறு வரிசைக்கு அரிச்சுவடியும் கொடுத்துச் சமாளித்த கலைதான் இன்று அவர்கள் வேறு பெயரிட்டுக் கேட்பது. மாணவர் குறைந்த தமிழ்ப்பள்ளிகளில் இரண்டு வகுப்புகளை இணைத்து நடத்திய ஆசிரியர்களுக்கு இக்கேள்விக்கு விடை சொல்ல எவரிடமும் கற்கவேண்டியதில்லை. ஆனால் அதை ஒரு குறிப்பிட்ட நாளாக, குறிப்பிட்ட பிள்ளைகளாக, நடந்தது நடந்தபடி சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி ஒன்று நிச்சயமாக வரும். மாணவி ஒருத்தி உங்களிடம் தனியே வந்து, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வேண்டிக்கொண்டு, வீட்டில் தனக்கு நேரும் கொடுமையைச் சொன்னால் என்ன செய்வீர்கள்? இரக்கத்தினால் ரகசியத்தைக் காப்பேன் என்று பதில் சொல்பவர் அங்கேயே வேலையை இழந்துவிடுவார். ரகசியம் காப்பதாக வாக்களிக்காமல் பொறுமையாகக் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதி, பள்ளியில் அதற்கென்று நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் அன்றே ஒப்படைப்பதே சரியான நடைமுறை. பல நாடுகளில் அனைத்துலகப் பள்ளிகளில் பணிபுரிந்த ஓர் ஆசிரியர் பல ஆண்டுகளாக மாணவர்களுக்கு இழைத்துவந்த கொடுமை 2014-இல் வெளிப்பட்டபின், இப்பள்ளிகளின் அமைப்புகள் ஒன்றுகூடி ஆள்சேர்ப்பு விதிகளைக் கடுமையாக்கின. தாம் வசித்த நாடுகளிலெல்லாம் காவல்துறைச் சான்று, பணிக்காலத்தில் உள்ள இடைவெளி ஒவ்வொன்றுக்கும் விளக்கம், தலைமையாசிரியரிடமிருந்து நேரடிப் பரிந்துரை ஆகியவை கேட்கப்படுவதன் காரணம் அதுவே. அவை எவரையும் அவமதிப்பதற்காகக் கேட்கப்படுவதில்லை. மலேசியர் இதற்கு விஸ்மா புத்ராவில், அதாவது வெளியுறவு அமைச்சில், நன்னடத்தைச் சான்றிதழ் பெறவேண்டும். வளைகுடா நாடுகள் பட்டச் சான்றிதழை வெளியுறவு அமைச்சிலும் தத்தம் தூதரகத்திலும் உறுதிசெய்து கொண்டுவரச் சொல்லும். பிறப்புச் சான்றில் ஒரு விதமாகவும் பட்டத்தில் வேறு விதமாகவும் தந்தை பெயர் எழுதப்பட்டிருப்பது நம் குடும்பங்களில் சர்வசாதாரணம். தோட்ட ஆபீசில் கிராணி காதால் கேட்டதைக் கேட்டபடி எழுதிய பெயர்கள் அவை. அப்படியிருந்தால் இப்போதே உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி வைத்துக்கொள்வது நலம். விசா அலுவலகத்தின் சாளரத்தில் நின்றுகொண்டு அதைச் சரிசெய்ய இயலாது.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம்; இக்கட்டுரையின் உயிர்நிலை இதுதான். பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு எழுதப்படும் அந்தப் பத்திரத்தில், சம்பளம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமா பத்து மாதமா, வீடு பள்ளி தருவதா வாடகைப்படியா, விமானச் சீட்டு ஆண்டுதோறுமா ஒப்பந்தத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டுமா, மருத்துவக் காப்புறுதி குடும்பத்தையும் சேர்த்தா, பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியா, எத்தனை பிள்ளைகளுக்கு என்பனவெல்லாம் தெளிவாக இருக்கவேண்டும். தெளிவில்லாத இடத்தில் கேள்வி கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டால் வேலையைத் தரமாட்டார்களோ என்று அஞ்சுவது நம்மவர்களின் இயல்பாகிவிட்டது. துரையின் முன்னால் நின்ற தலைமுறையின் அச்சம் நம் ரத்தத்தில் இன்னும் மிச்சமிருக்கிறது போலும். கேள்வி கேட்பவரை நேர்மையான பள்ளி மதிக்கவே செய்கிறது.

ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தின் சட்டப்படி, பணி முடிந்து செல்லும் ஊழியருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் சம்பளம் பணிக்கொடையாகத் தரப்படவேண்டும். ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின்மீது கணக்கிடப்படுவது. இரண்டு பள்ளிகள் உங்களுக்கு மாதம் 10,000 திர்ஹாம் தருவதாகச் சொல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பள்ளி அடிப்படைச் சம்பளம் 8,000, படிகள் 2,000 என்று எழுதுகிறது. இரண்டாவது பள்ளி அடிப்படைச் சம்பளம் 4,000, படிகள் 6,000 என்று எழுதுகிறது. மாதந்தோறும் கையில் வரும் தொகையில் பேதமில்லை. ஐந்தாண்டு கழித்து 105 நாள் கணக்கில் முதல் பள்ளி ஆசிரியருக்கு 28,000 திர்ஹாம் கிடைக்கும். இரண்டாவது பள்ளி ஆசிரியருக்கு 14,000 மட்டுமே கிடைக்கும். சம்பளப் பிரிவினை அச்சிடப்பட்டிருக்கும் அந்த ஒரு வரியைப் படிப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பணியை இடையில் விட்டால் என்ன தண்டனை என்பது அடுத்து நோக்கவேண்டியது. வரவழைத்த செலவு, விமானச் சீட்டு, விசாக் கட்டணம் ஆகியவற்றைத் திருப்பிச் செலுத்தச் சொல்லும் ஷரத்துகள் உண்டு. நான் பார்த்த ஓர் ஒப்பந்தத்தில், ஆசிரியர் விலகுவதற்குத் தரவேண்டிய முன்னறிவிப்பு நீண்டதாகவும், பள்ளி அவரை விலக்குவதற்குத் தரவேண்டிய முன்னறிவிப்பு அதில் பாதியாகவும் இருந்தது. கேட்டபோது அவர்கள் இரண்டையும் சமமாக்கிக் கொடுத்தார்கள். கேட்காமல் கையெழுத்திட்டவர்களுக்கு அது பழையபடியே இருந்திருக்கும். கடவுச்சீட்டைப் பத்திரமாக வைப்பதற்கென்று பள்ளி வாங்கிக்கொள்ளும் வழக்கத்திற்கு எக்காரணத்தாலும் சம்மதிக்க வேண்டாம்.

ஏஜெண்டுகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆள்சேர்ப்பு நிறுவனங்களில் சில ஆசிரியரிடம் ஒரு பதிவுக் கட்டணம் வாங்குவதுண்டு. அது வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருக்கும். வேலை உறுதியாகிவிட்டது, விசாவுக்கு இத்தனை ஆயிரம் ரிங்கிட் இந்தத் தனிநபர் கணக்கில் போடுங்கள் என்று அவசரப்படுத்துபவர் வேறு வகையைச் சேர்ந்தவர். நல்ல சம்பளம் என்ற ஆசைவார்த்தையில் மயங்கிப் பாங்காக்குக்கு விமானமேறிய மலேசிய இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரிலும் கம்போடியாவிலும் மோசடிக் கும்பல்களிடம் அடிமைகளாகச் சிக்கிய செய்திகளை 2022-இல் நாம் கண்ணீரோடு படித்தோம். அவர்களில் படித்தவர்களும் இருந்தார்கள். பள்ளியின் முகவரியையும் தலைமையாசிரியர் பெயரையும் தேர்வு வாரியங்களின் பட்டியலில் சரிபார்த்து, அங்கே பணிபுரியும் ஆசிரியர் ஒருவரோடு நேரடியாகப் பேசாமல், ஒரு காசும் அனுப்ப வேண்டாம். ஒரு பயணச் சீட்டும் வாங்க வேண்டாம்.

அரசாங்கப் பள்ளியில் நிரந்தரப் பணியில் இருப்பவர்களின் நிலை சற்றுச் சிக்கலானது. ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டால், அதுவரை சேவை செய்த ஆண்டுகளுக்கான ஓய்வூதிய உரிமை போய்விடும். சம்பளமில்லா விடுப்புக்கோ, விருப்ப ஓய்வுக்கோ தமக்குத் தகுதி உண்டா என்பதை மாவட்டக் கல்வி இலாகாவில் எழுத்து மூலம் கேட்டறிந்தபின்பே அவர் அடுத்த அடி வைக்கவேண்டும். தனியார் பள்ளியிலிருந்து செல்பவருக்கோ, முதலாளி மாதந்தோறும் சேமநிதியில் செலுத்திவந்த பங்கு நின்றுபோகும். வெளிநாட்டுச் சம்பளத்திலிருந்து தாமே சேமநிதிக்குக் கட்டி வராவிட்டால், பத்தாண்டு கழித்துத் திரும்பி வரும்போது அக்கணக்கில் ஆண்டு ஈவுத்தொகையைத் தவிர வேறொன்றும் சேர்ந்திராது. பி.டி.பி.டி.என். கல்விக் கடனும் விமானமேறியவுடன் தீர்ந்துவிடுவதில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் நல்ல ஆசிரியர்கள் இவ்வாறு போய்விட்டால் இங்குள்ள பிள்ளைகளின் கதி என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கவலை அது. மலேசியாவிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராதான் என்பதால் இழப்பும் இங்கேதான் முதலில் உணரப்படும். ஆனால், 1950-களில் மலாயா அரசாங்கம் நம் இளைஞர்களை லிவர்பூலுக்கு அருகிலுள்ள கிர்க்பி பயிற்சிக் கல்லூரிக்குக் கப்பலில் அனுப்பியபோதும் இத்தகைய அச்சம் எழுந்திருக்கக்கூடும். நாடு 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் பெறும் என்ற செய்தியைத் துங்கு அப்துல் ரஹ்மானின் வாயால் முதலில் கேட்டவர்களுள் அந்தக் கல்லூரி மாணவர்களும் அடங்குவர்; கிர்க்பியில் பயின்றவர்கள் திரும்பி வந்து ஒரு தலைமுறைப் பள்ளிகளை நிமிர்த்தினார்கள். ஐந்தாறு ஆண்டு வெளிநாட்டில் பணிபுரிந்து, ஐ.பி.யின் கற்பித்தல் முறையைக் கற்று, செம்மோரிலோ பீடோரிலோ உள்ள பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியருக்கு அவ்வனுபவத்தைக் கணக்கில் எடுத்துச் சம்பளமும் பதவியும் தரும் ஏற்பாட்டை அமைச்சு செய்யுமானால், போனவர்களில் பலர் திரும்புவார்கள் என்று நான் நம்புகிறேன். அப்படியோர் ஏற்பாட்டைக் கோருவதற்கு ஆசிரியர் சங்கங்கள் முன்வரவேண்டும்.

அடுத்த ஆகஸ்டில் வெளிநாட்டு வகுப்பறையில் நிற்க விரும்புபவர், இந்த ஆண்டு தீபாவளிக்கு முன்பே சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகளை எடுத்து, தலைமையாசிரியரிடம் பரிந்துரைக்குச் சொல்லிவைத்து, தம்முடைய பாடம் ஒன்றைப் படம்பிடித்து வைத்திருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்றிதழ் ஏற்றுக்கொள்ளப்படும் கால அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், அதை மட்டும் வேலை உறுதியாகும் தறுவாயில் விண்ணப்பித்துக்கொள்ளலாம்.